தேர்வுக் குழுவில் ஒரு மதியத் தூக்கம்

ஞாயிற்றுக்கிழமை மதியமே பூம்பாறையை விட்டு இறங்கினால்தான் கொடைரோட்டில் ரயிலைப் பிடிக்க முடியும். திங்கட்கிழமை காலை எழும்பூர். அங்கிருந்து உறுப்பினர் விடுதி, குளியல், இஸ்திரி போட்ட சேலை, பிறகு கோட்டை. கூட்டத்தொடர் இருந்தால் சபை, இல்லாவிட்டால் குழுக்கள். வியாழக்கிழமை மறுபடியும் ரயில். வெள்ளியும் சனியும் தொகுதி. சட்டமன்ற உறுப்பினராக நான் இருந்தது ஒரே ஒரு முறைதான். அந்த ஐந்து வருடமும் என் வாரம் இப்படித்தான் ஓடியது.

வெளியில் இருப்பவர்களுக்குச் சபை மட்டும்தான் தெரியும். மேசையைத் தட்டுவதும் வெளிநடப்பு செய்வதும்தான் எங்கள் வேலை என்று நினைப்பார்கள். உண்மையான வேலை குழுக்களில் நடக்கும். நீளமான ஒரு மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், தட்டில் முந்திரியும் பிஸ்கட்டும், எதிரே கோப்புகளோடு அதிகாரிகள். கணக்கைப் பார்க்க ஒரு குழு, மனுக்களைப் பார்க்க ஒரு குழு, அமைச்சர் சபையில் கொடுத்த வாக்கை நிறைவேற்றினாரா என்று பார்க்க ஒரு குழு. மசோதாக்கள் கட்டுக்கட்டாக விடுதி அறைக்கு வந்து சேரும். நான் பன்னிரண்டாவது படித்தவள். அதற்கு முன் ஒன்றியக் கவுன்சிலர், அதற்கும் முன் என் கணவரோடு பூண்டு வியாபாரம். முதல் வருடம் எனக்கு எதுவும் விளங்கவில்லை. ஒரே வாக்கியம் பக்கம் முழுக்க ஓடும். தொடங்கியது யார், முடித்தது யார் என்றே தெரியாது. பிறகு நானாகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். முதலில் தண்டனைப் பிரிவைப் படிப்பேன். யார் மாட்டுவார்கள் என்று அதில் தெரிந்துவிடும். அதன் பிறகு மற்றதைப் பின்னாலிருந்து முன்னால் படித்துக்கொண்டு வருவேன். அப்படிப் படித்தால் பாதியாவது புரிந்தது.

நான்காவது வருடம் ஒரு மசோதா வந்தது. மலைப்பகுதிகளில் கட்டடம் கட்டுவதை ஒழுங்குபடுத்துவதற்கு. சபையில் உடனே நிறைவேற்றாமல் தேர்வுக் குழுவுக்கு அனுப்பினார்கள். அதாவது, சில உறுப்பினர்கள் கூடி உட்கார்ந்து, மக்களிடமும் கேட்டு, பிரிவு பிரிவாகத் திருத்திக் கொடுக்க வேண்டும். மலையில் பிறந்தவள் என்பதால் என்னையும் சேர்த்தார்கள். எங்கள் குழுத் தலைவர் கடற்கரை மாவட்டத்துக்காரர். நல்ல மனிதர், எதையும் சிரித்துக்கொண்டே பேசுவார். என்னை 'மலைக்காரம்மா' என்று கூப்பிடுவார்.

அந்த மசோதாவில் ஒரு பிரிவு என்னை உறுத்தியது. சரிவான இடத்தில், பட்டா இல்லாத நிலத்தில் கட்டிய வீடுகளை அகற்றலாம். அகற்றப்படுகிறவர்களுக்கு அரசு மாற்று இடம் வழங்கலாம். பெரிய விடுதிக்காரர்களிடம் எல்லாக் காகிதமும் இருக்கும். காகிதம் இல்லாதவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். வடகவுஞ்சிக்குக் கீழே, சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் வாழ்ந்த ஒரு குடியிருப்பு இருந்தது. வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய தகர வீடுகள். அவர்கள் அதை லயம் என்றுதான் சொல்வார்கள். யாரோ என்றோ இருக்கச் சொன்ன இடம். அதற்கு மேல் எழுத்தாக எதுவும் கிடையாது.

குழு கொடைக்கானலுக்கு வந்து மக்களிடம் நேரில் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். கோடைக்காலம். யாரும் மறுக்கவில்லை.

குழு வருவதற்கு முந்தின வாரம் நான் அந்தக் குடியிருப்புக்குப் போனேன். அங்கே ஒரு பெண் இருந்தார், என் வயதுதான் இருக்கும். காப்பித் தோட்டத்திலும் காரட் கழுவும் இடத்திலும் தினக்கூலி. யார் என்ன கேட்டாலும் அங்கே எல்லோரும் முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர்தான் வந்து பேச வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

"கமிட்டின்னா யாருங்க? கலெக்டரா?" என்று கேட்டார்.

"இல்லங்க. என்னைய மாதிரி எம்.எல்.ஏ.ங்கதான். சட்டம் போடுறதுக்கு முன்னாடி ஒங்களக் கேக்க வர்றாங்க."

"நீங்களே சொல்லிற வேண்டியதுதானங்களே. ஒங்களுக்குத் தெரியாததா."

"நான் சொன்னா அது என் பேச்சு. நீங்க வந்து சொன்னாத்தான் ஒங்க கஷ்டம்னு எழுதுவாங்க."

அவர் சிரித்தார். "எனக்கு மைக்கப் புடிச்சுப் பழக்கமில்லங்க. நாக்கு ஒட்டிக்கிரும்."

"நான் அங்கதான் ஒக்காந்திருப்பேன். என்னையப் பாத்துச் சொல்லுங்க. இப்ப எங்கிட்டப் பேசுறீங்கள்ல, அதே மாதிரி. வேற யாரையும் பாக்காதீங்க."

"சரிங்க, ஒங்களத்தான் பாப்பேன்," என்றார்.

கூட்டம் ஏரிக்கு மேலே ஒரு மண்டபத்தில் நடந்தது. காலை முழுக்க விடுதிக்காரர்கள், மரங்களைப் பற்றித் திரையில் படம் போட்டு ஆங்கிலத்தில் விளக்கிய ஒருவர், பள்ளிக்கூடம் நடத்தும் பாதிரியார், கவுஞ்சியிலிருந்து வந்த உருளைக்கிழங்கு விவசாயிகள். நான் குறிப்பெடுத்தேன், கேள்வி கேட்டேன். விடுதிக்காரர் ஒருவர் என் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறியபோது தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்கு என்னைப் பற்றி நல்ல எண்ணமாக இருந்தது.

மதியம் விருந்தினர் மாளிகையில் சாப்பாடு. மட்டன் பிரியாணி, தயிர்ச் சோறு, கடைசியில் பிளம்ஸ் போட்டு ஓர் இனிப்பு. இரண்டாவது முறையும் பிரியாணி வாங்கிக்கொண்டேன். முந்தின இரவு என் சொந்த வீட்டில் இரண்டு கம்பளிக்குள் நன்றாகத் தூங்கியிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரயில் அலுப்பு எதுவும் இல்லை. மண்டபத்துக்குத் திரும்பியபோது மஞ்சு விலகி, கண்ணாடி வழியாக வெயில் என் முதுகில் விழுந்தது. மலையில் அந்த வெயிலைப் போல இதமான ஒன்று கிடையாது. அந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டது கேட்டது. அவர் வெள்ளைப் பூப்போட்ட நீலச் சேலையில் எழுந்து வந்ததைப் பார்த்தேன். மைக்கின் உயரத்தை யாரோ குறைத்துக் கொடுத்தார்கள். "ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்," என்றார். அதுவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அடுத்து நான் உணர்ந்தது அமைதி. மைக்கின் இரைச்சல் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ்வளவுதானாம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"அவ்வளவுதாங்க."

"சரிம்மா, நன்றி. போய் ஒக்காருங்க."

அவர் திரும்பி நடந்தார். போகும்போது இன்னொரு தடவை என் பக்கம் பார்த்தார். நான் நன்றாகப் பேசினீர்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினேன். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், ஒரு நிமிடம் கண்ணசந்திருப்பேன், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்து எழுதுவதுபோல் பாவனை செய்தேன்.

அன்று இரவே உள்ளூர் கேபிள் டிவியில் கூட்டத்தைப் போடுகிறார்கள் என்று என் கணவர் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தார். வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். செய்தி வாசிக்கிற குரல் குழு வந்ததைச் சொன்னது. கேமரா மேசையின் ஒரு முனையிலிருந்து நகர்ந்து வந்தது. தலைவர், அதிகாரிகள், பிறகு நான். என் மேல் வந்து நின்றுவிட்டது. தாடை நெஞ்சில் படிந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு நிமிடத் தூக்கம் இல்லை அது. கேமராக்காரர் நிதானமாக அருகில் போய் எடுத்திருந்தார். பக்கத்தில் அந்தப் பெண்ணின் முதுகும், மைக்கைப் பிடித்திருந்த கையும் தெரிந்தன. அவர் குரலைக் கேட்க முடியவில்லை. படத்தோடு ஏதோ வாத்திய இசையைச் சேர்த்திருந்தார்கள்.

கூடத்தில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, "அக்கா குனிஞ்சு எழுதிக்கிட்டிருக்காங்க," என்றாள். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். என் கணவர் எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தார். படத்தை ஏன் அணைக்கவில்லை என்று பிறகு கேட்டேன். "எந்திரிச்சுப் போனப்ப அணைக்கத்தான் போனேன். எல்லாரும் பாக்குறப்ப அணைச்சா நல்லாருக்காதுன்னு பட்டுச்சு," என்றார்.

திங்கட்கிழமை நான் சென்னையில் இருந்தபோதே எதிர்க்கட்சிக்காரர்கள் கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். தொலைக்காட்சியில் வந்த அதே முகம், ஆள் உயரத்துக்கு. 'மக்கள் பேச, உறுப்பினர் உறங்க' என்று கீழே எழுதியிருந்ததாம். எங்கள் ஒன்றியச் செயலாளர் தொலைபேசியில் சொன்னார். "ஒண்ணும் கவலப்படாதீங்கக்கா. நான் பாத்துக்கிறேன். நீங்க அங்க ஒங்க சோலியப் பாருங்க."

என்ன பார்த்துக்கொண்டார் என்பது வெள்ளிக்கிழமை மலை ஏறியபோது தெரிந்தது. அந்த ஃப்ளெக்ஸுக்கு எதிரேயே இன்னும் பெரிதாக ஒன்று. நான் கை கூப்பிச் சிரிக்கிறேன். 'கடும் காய்ச்சலிலும் மக்கள் குறை கேட்ட மலையின் மகளே' என்று சிவப்பு எழுத்து. கீழே வட்டக் கிளை நிர்வாகிகளின் சின்னச் சின்ன முகங்கள்.

"யாரக் கேட்டு இத வச்சீங்க?" என்று அவரைச் சத்தம் போட்டேன்.

"கேட்டா நீங்க வேணாம்பீங்க."

"எனக்கு எங்கய்யா காய்ச்சல் வந்துச்சு? மொதல்ல வெரசா அவுக்கச் சொல்லுங்க."

"அக்கா, இப்ப அவுத்தா அவன் வச்சது உண்மைன்னு ஆயிரும். கொஞ்ச நாள் கெடக்கட்டும். ஊரே நம்பிருச்சு."

நான் அதற்கு மேல் சொல்லவில்லை. இன்னும் இரண்டு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் அவிழ்த்திருப்பார். எனக்கும் உள்ளூர அது அங்கே இருக்கட்டும் என்றுதான் இருந்தது.

அந்த வாரம் எங்கே போனாலும் காய்ச்சலைத்தான் விசாரித்தார்கள். பேருந்து நடத்துநர் விசாரித்தார். கவுஞ்சியிலிருந்து ஓர் அம்மாள் வெள்ளனே கிளம்பி, தூக்குவாளியில் சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட கஷாயம் கொண்டுவந்தார். இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார். "வெறும் வயித்துல குடிக்கணும், அதான் நேரமே வந்தேன்," என்றார். அவர் முன்னாலேயே குடித்தேன். தொண்டை எரிந்தது. "ரெண்டு நாள்ல சரியாயிரும்," என்று என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு, வந்திருந்த மற்றவர்கள் முகத்தைப் பார்த்து என்னால் மனு வாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டே ஒவ்வொன்றாக வாங்கினேன். அதையும் அவர்கள் காய்ச்சல் அசதி என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

குடியிருப்புக்குப் போவதை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குள் காற்றுக் காலம் வந்துவிட்டது. இரண்டு ஃப்ளெக்ஸும் ஒரே வாரத்தில் கிழிந்து விழுந்தன. பிறகு ஒரு சனிக்கிழமை, கட்சிக்காரர்கள் யாரையும் கூப்பிடாமல், ஜீப் ஓட்டுபவரை மேலே சாலையில் நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன்.

அந்தப் பெண் வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். விறகுக்கு மேல் மழைக்கு மூடியிருந்தது என் காய்ச்சல் ஃப்ளெக்ஸ். என் கூப்பிய கைகளும் பாதிச் சிரிப்பும் தெரிந்தன. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார்.

"பஸ் ஸ்டாண்டுல கீழ கெடந்துச்சுன்னு எங்க வீட்டுக்காரு எடுத்தாந்தாருங்க. நல்ல கனம். தண்ணி எறங்க மாட்டேங்குது," என்றார். குத்தலாகச் சொன்னதாகத் தெரியவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, வெறும் தேத்தண்ணியும் கடித்துக்கொள்ள ஒரு துண்டு வெல்லமும் கொடுத்தார். பிறகு கேட்டார். "காய்ச்சல் விட்டுருச்சுங்களா?"

அவரிடமும் ஆமாம் என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது.

"எனக்குக் காய்ச்சலே வரலங்க. சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டேன்," என்றேன்.

"தெரியுங்க."

"எப்படித் தெரியும்?"

"காய்ச்சல்ல கெடக்குற மொகம் அப்படி இருக்காதுங்க. நல்லாத் தூங்குனீங்க."

அவர் கணவர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அதிகம் பேசாதவர். நான் கேட்டேன், "நீங்க அன்னைக்கு என்ன சொன்னீங்கன்னு எனக்கு இப்பவாவது சொல்லுங்க. கமிட்டியில எழுதிருக்கிறதப் படிச்சேன். மாற்று இடம் கேட்டாங்கன்னு ஒரு வரிதான் போட்டிருக்கு."

"அவ்வளவுதாங்க சொன்னேன்."

"இல்ல," என்றார் கணவர். "பாதியில நிறுத்திட்டா. பஸ்ஸுல வர்றப்ப பூராம் எங்கிட்டச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தா. அங்க பாதிதான் சொன்னா."

"ஏன்?"

அவர் மனைவியைப் பார்த்தார்.

"நீங்கதானங்க சொன்னீங்க, என்னையவே பாருன்னு," என்றார் அந்தப் பெண். "ஒங்களையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். மொதல்ல கண்ண மூடிக் கேக்குறீங்கன்னு நெனச்சேன். பெறகு தல சாஞ்சுச்சு. அதுக்கு மேல யாரப் பாத்துச் சொல்றதுன்னு தெரியல. மறந்துபோச்சு."

நான் விழித்தபோது கேட்ட அமைதி அதுதான். அவர் முடித்த பிறகு வந்த அமைதி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"மீதிய இப்பச் சொல்லுங்க," என்றேன்.

"இப்ப எதுக்குங்க. அன்னைக்கு வந்துச்சு. இப்ப வரல." குவளையை வாங்கிக்கொண்டு எழுந்தார். "தேத்தண்ணி இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

போதும் என்று சொல்லி எழுந்தேன். மேலே ஜீப்புக்கு ஏறும் வழியில் இரண்டு இடத்தில் நின்றேன். மூச்சு வாங்கியதால் என்று சொல்லிக்கொண்டேன்.

சென்னையில் அடுத்தடுத்த வாரங்களில் குழு பிரிவு பிரிவாக மசோதாவைப் படித்தது. அந்தப் பிரிவு வந்தபோது நான் எழுந்தேன். மாற்று இடம் வழங்கலாம் என்று இருக்கிறது, வழங்கலாம் என்றால் வழங்காமலும் இருக்கலாம், அதை வழங்க வேண்டும் என்று மாற்றுங்கள் என்றேன். சட்டத்துறை அதிகாரி அது அரசின் கையைக் கட்டிவிடும் என்று விளக்கினார். நான் விடவில்லை. இந்த ஒரு சொல்லுக்காக அதற்கு முந்தின வாரம் முழுக்க விடுதி அறையில் பழைய சட்டங்களைப் புரட்டியிருந்தேன். எதிலெல்லாம் வேண்டும் என்று போட்டிருக்கிறது என்று படித்துக் காட்டினேன்.

தலைவர் சிரித்தார். "மலைக்காரம்மா இன்னைக்கு நல்லா முழிச்சிருக்காங்க. குடுத்துருவோம்."

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரிகள் கோப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கேட்டது கிடைக்காதோ என்ற பயம் ஒரு பக்கம். கோபப்பட எனக்கு என்ன உரிமை என்பது இன்னொரு பக்கம். ஆனால் திருத்தம் ஏற்கப்பட்டது. வழங்கலாம் என்பதை அடித்து வழங்க வேண்டும் என்று எழுதினார்கள். ஐந்து வருடத்தில் ஒரு மசோதாவில் என்னால் மாறிய ஒரே சொல் அது. அந்த வியாழக்கிழமை ரயிலில் ஏறியபோது, சில மாதங்களாக இல்லாத நிம்மதி இருந்தது. குழு அறிக்கையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அறிக்கை சபையில் வைக்கப்பட்டது.

அடுத்த சனிக்கிழமையே குடியிருப்புக்குப் போனேன். இந்தத் தடவை எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். சட்டம் வந்தாலும் பயப்பட வேண்டாம். வீட்டை எடுத்தால் இடம் கொடுத்தே ஆக வேண்டும். முன்பு அப்படி இல்லை, இப்போது மாற்றியாகிவிட்டது. அவர்கள் தலையாட்டினார்கள். சிலர் கும்பிட்டார்கள். அந்தப் பெண் கொஞ்சம் தள்ளி, காரட் சாக்குகளைத் தைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் ஒரே எடத்துலயாங்க?" என்றார்.

"என்னதுங்க?"

"எங்களத் தூக்குனா எல்லாரையும் ஒரே எடத்துல போடுவாங்களா? இல்ல, ஆளுக்கொரு பக்கமா?"

நான் மசோதாவை நினைவில் ஓட்டிப் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. குழுவில் யாரும் கேட்கவில்லை. நானும் நினைத்துப் பார்க்கவில்லை.

அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "சிலோன்லருந்து கப்பல்ல வந்து மண்டபம் கேம்புல எறங்குனப்ப நாங்க ஒண்ணாத்தான் எறங்குனோம். ஒரே தோட்டம், பக்கத்துப் பக்கத்து லயம். அக்காளுக்குக் கல்யாணமாயிருந்ததால தனிக் குடும்பம்னு வேற கார்டு. அவ குடும்பத்த ஊட்டிப் பக்கம் அனுப்பிட்டாங்க, எங்கள இந்தப் பக்கம். எங்க அம்மா சாகுற வரைக்கும் அவ எங்க இருக்கான்னு எங்களுக்குத் தெரியாது. பெறகு எப்படியோ தேடிக் கண்டுபிடிச்சோம். அதான். எங்க வேணாப் போடுங்க, காட்டுல கூடப் போடுங்க. பிரிச்சுப் போட்டுறாதீங்க. அதத்தாங்க அன்னைக்குச் சொல்ல வந்தேன். மொதல்ல எடத்தப் பத்தி, பெறகு இது."

அவர் மறுபடியும் தைக்கத் தொடங்கினார். மற்றவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏதோ சொன்னேன். பார்க்கிறேன் என்றோ, கவனிக்கிறேன் என்றோ. என்ன வார்த்தை என்று ஞாபகம் இல்லை.

குழு அறிக்கையைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆனால் மசோதா சபையில் விவாதத்துக்கு வரும்போது எந்த உறுப்பினரும் திருத்தம் கொண்டுவரலாம். சென்னைக்குப் போனதும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். ஒரே குடியிருப்பிலிருந்து அகற்றப்படும் குடும்பங்களுக்கு ஒரே இடத்தில் மாற்று இடம் வழங்க வேண்டும். எழுதி முடித்தபோது இரண்டு வரிகூட ஆகவில்லை. சபைச் செயலக அதிகாரி படித்துப் பார்த்து, நல்ல திருத்தம்மா, மசோதா வரட்டும் என்றார்.

மசோதா வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பார்ப்பேன். மற்றவை வந்தன, இது வரவில்லை. விடுதிக்காரர்கள் மேலிடத்தில் பேசி நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. உண்மையா என்று எனக்குத் தெரியாது. தேர்தல் வந்தது, சபை கலைந்தது, மசோதாவும் அதோடு காலாவதியானது. அந்த மதியக் கூட்டம், அறிக்கை, நான் வாதாடி வாங்கிய சொல் எல்லாம் அதோடு போயின. கட்சி எனக்கு மறுபடி வாய்ப்புத் தரவில்லை. தூங்கிய படத்தைத் தேர்தலில் மறுபடி எடுப்பார்கள் என்று நேர்காணலில் வெளிப்படையாகவே சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

பிறகு குடியிருப்புக்குப் போய்ச் சட்டம் வராது என்று சொன்னேன். "அப்ப எங்க எடம் எங்களுக்குத்தானாங்க?" என்று ஒருவர் கேட்டார். பட்டா கிடைக்காது, ஆனால் இப்போதைக்கு யாரும் எழுப்ப மாட்டார்கள் என்றேன். "முன்னாடியும் அப்படித்தானங்க இருந்தோம்," என்றார் அவர். அந்தப் பெண் அன்று வேலைக்குப் போயிருந்தார்.

அவரை மறுபடி பார்த்தது ஒரு வருடத்துக்குப் பிறகு, கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில். நானும் என் கணவரும் பூண்டு மூட்டைகளை இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தோம். "அக்கா," என்று யாரோ முழங்கையைத் தொட்டார்கள். நான் எம்.எல்.ஏ.வாக இருந்த வரைக்கும் அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவரோடு இன்னொரு பெண். அதே மூக்கு, அதே நெற்றி, இன்னும் கொஞ்சம் மெலிந்த உடம்பு.

"இவதான் எங்க பெரிய அக்கா. ஊட்டிப் பக்கமிருந்து வந்திருக்கா, பத்து நாள் இருப்பா," என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, "இவங்கதான் நான் சொன்ன எம்.எல்.ஏ. அம்மா. எங்க லயத்துக்காக மெட்ராசுல பேசுனவங்க," என்றார்.

அந்த அக்கா சட்டென்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கரடுமுரடான, குளிர்ந்த கை. "ஒங்க புண்ணியம்," என்றார். "இவளுக்கு எடமில்லாமப் போயிருமோன்னு நான் அங்க தூங்காமக் கெடந்தேங்க."

நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். எங்களுக்குள் நடந்தது ஏதாவது அதில் தெரிகிறதா என்று. எதுவும் தெரியவில்லை. அக்காவுக்கு என்னை அறிமுகப்படுத்தியதில் மகிழ்ச்சிதான் இருந்தது. அப்படியில்லை என்று நான் சொல்ல வேண்டும். சந்தைக் கூட்டத்தில், காரட் குவியலுக்கும் பேரிக்காய்க் கூடைக்கும் நடுவில், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"நல்லாருங்க," என்று மட்டும் சொன்னேன். கையை விடுவித்துக்கொண்டு, பூம்பாறை பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன். பஸ் வர இன்னும் நிறைய நேரம் இருந்தது. அவர்களுக்கும் அது தெரியும். அந்தப் பெண் என் பையில் இரண்டு பேரிக்காய்களைப் போட்டார். நான் மூட்டைகளுக்குப் பின்னால் என் கணவர் நின்ற இடத்துக்குப் போய், அவர்கள் சந்தையை விட்டுப் போகும் வரை வெளியே வராமல் நின்றேன்.